அவார்டு படம்னு ஒதுக்கிட்டா நஷ்டம் யாருக்கு?

அமெரிக்கத் தமிழர்களைச் சினிமா விஷயத்தில் யாரும் கஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரிய ஹீரோ படம் என்றால் முதல் நாள் இரவே பிரீமியர் காட்சி. டிக்கெட் இருபத்தைந்து டாலரோ, முப்பது டாலரோ, கேள்வி கேட்காமல் வாங்குகிறோம். மறுநாள் காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் கண் செருகினாலும் பரவாயில்லை. ஓவர்சீஸ் கலெக்‌ஷன் எவ்வளவு, ஹீரோ சம்பளம் எவ்வளவு, ஓடிடி உரிமையை யார் வாங்கினார்கள் என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் படத்தில் வந்த ஒரே ஒரு காட்சியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பாருங்கள். "செம", "மொக்கை", "செகண்ட் ஹாஃப் லேக்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும்.

இது மாஸ் படங்களுக்கு எதிரான கட்டுரை இல்லை. ரஜினி படத்துக்கு முதல் காட்சியில் விசில் அடித்து வளர்ந்தவன் நான், இப்போதும் அடிக்கிறேன். பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து முக்கால் மணி நேரம் காரோட்டிப்போய் அடிக்கிறேன். என் ஆதங்கம் வேறு. ஒரு படத்தில் பாட்டும் சண்டையும் இல்லை, கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்றால் "அது அவார்டு படம்ப்பா" என்று ஓரங்கட்டிவிடுகிறோமே, அதில்தான். நம் மொழியில் எடுக்கப்பட்ட சில அருமையான படங்களுக்கு நாமே கதவைச் சாத்திவிட்டு, நம் பிள்ளைகளிடம் கொரிய சீரியலும் ஜப்பானிய அனிமேயும் பார்க்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் சொல்லித் தருகிறோம் என்று யோசித்தால் இன்னும் வேடிக்கை. சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி, நடுவில் கர்நாடக சங்கீதம், மிருதங்கம், நீச்சல், கணக்கு டியூஷன். கச்சேரிக்குப் போனால் தாளம் போடக் கற்றுத் தருகிறோம், ராகம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். இந்தப் பிள்ளைகள் தமிழோடு அன்றாடம் உறவு வைத்துக்கொள்ளும் ஒரே இடம் சினிமாதான். அதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அது தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

தானாக வராது. மற்ற கலைகளைப் போல இதையும் பழகத்தான் வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1947ல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். ராய் அப்போது விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். நம்மைப் போல ஆபீஸ் போய் வந்தவர்தான். அவர் தன்னைப் பழக்கிக்கொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏதாவது ஒரு கதையைப் படமாக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தால், படம் வருவதற்குள் அந்தக் கதைக்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். பிறகு தியேட்டரில் போய் ஒப்பிட்டுப் பார்ப்பார். புனே திரைப்படக் கல்லூரியில் சினிமா ரசனைப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. படம் எடுக்கப்போகிறவர்களுக்கு அல்ல, பார்ப்பவர்களுக்கு. கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965ல் ஆரம்பித்த சித்ரலேகா திரைப்படச் சங்கத்தின் வழியில் ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்தன. இன்று மலையாளப் படங்களைப் பார்த்து "எப்படிடா இப்படி எடுக்குறாங்க" என்று நாம் வாட்ஸ்அப்பில் பெருமூச்சு விடுகிறோம். எடுக்கிறவர்களைப் போலவே பார்க்கிறவர்களையும் அங்கே ஐம்பது வருடமாகத் தயார் செய்திருக்கிறார்கள்.

நாம் குடியிருக்கும் நியூஜெர்சி ஒன்றும் சினிமாவுக்கு அந்நியமான ஊர் இல்லை. எடிசன் 1893ல் தன் முதல் படப்பிடிப்புக் கூடத்தைக் கட்டியது வெஸ்ட் ஆரஞ்சில். கறுப்புத் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகை அது. சூரியன் நகர நகர, கொட்டகையையே திருப்பிக்கொள்ளும்படி தண்டவாளத்தின் மேல் வைத்திருந்தார்கள். அதன் மாதிரியை இப்போதும் அங்கே போய்ப் பார்க்கலாம். ஓக் ட்ரீ ரோட்டில் பிரியாணி சாப்பிட்ட கையோடு போய்விட்டு வரும் தூரம்தான். ஏன், எங்கள் பிளெய்ன்ஸ்பரோவே சினிமாவுக்கு ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்திருக்கிறது. எல்சி என்ற பசு. வாக்கர் கார்டன் பால் பண்ணையைச் சேர்ந்தது. போர்டன் பால் கம்பெனியின் விளம்பரப் பசுவாக இருந்து, 1940ல் 'லிட்டில் மென்' படத்தில் நடித்து, 1941ல் விபத்தில் அடிபட்டு இறந்தது. கல்லறைக் கல்கூட எங்கள் ஊரில் இருக்கிறது. சாண்டோ சின்னப்பா தேவர் கண்ணில் பட்டிருந்தால் எல்சிக்கு இன்னும் நாலு படம் கிடைத்திருக்கும்.

அப்பா ஆறு மாத விசிட்டில் இங்கே வந்திருந்தபோது பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைக் குடும்பமாகப் பார்த்தோம். 1988ல் வந்த படம். முப்பது வருஷத்துக்கு மேலான படத்தை எதுக்கு இப்போ என்று மனைவிக்குச் சந்தேகம். ஒன்பது வயது மகளுக்கோ சப்டைட்டில் இல்லையே என்ற கவலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அரை மணி நேரத்தில், "அப்பா, நீ பேசாம இரு, எனக்கே புரியுது" என்று சொல்லிவிட்டாள்.

கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் வேலை செய்யும் சுதா, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, வில்லன் என்று தனியாக ஒருவர் இல்லை. லோன், நகை, பிளான் அப்ரூவல், கான்ட்ராக்டர், சிமெண்ட் மூட்டை. இதுதான் திரைக்கதை. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் இதை அவார்டு படம் என்ற பெயரில் ஒதுக்குவது அநியாயம். நம்மில் வீடு கட்டாத குடும்பம் எது?

சிமெண்ட் களவாடப்படுவதை ஒரு சித்தாள் பெண் போட்டு உடைக்கும் இடத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெசந்தாண்டா. கான்கிரீட் போடுற அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு மூட்டைய எண்ணிக்கிட்டே நின்னேன். அம்மா சாப்பாடு கொண்டாந்தா, அதைத் திங்கக்கூட நகரல" என்றார். எங்கள் வீடு 1991ல் கட்டியது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். சிமெண்டுக்கும் கம்பிக்கும் அவர் எழுதி வைத்த கணக்கு நோட்டு ஊரில் இன்னும் பீரோவில் இருக்கிறது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகப் புறப்பட்டு வருகிறார். பூசாத சுவர்களுக்கு நடுவே ஒவ்வொரு அறையாகப் போகிறார். தொட்டுப் பார்க்கிறார். அவரோடு யாரும் இல்லை, வசனமும் இல்லை. பின்னால் இளையராஜாவின் இசை மட்டும். வேறொரு இயக்குநர் என்றால் இங்கே கண்ணீரைக் காட்டியிருப்பார், ஃபிளாஷ்பேக் வைத்திருப்பார், குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சையாவது வைத்திருப்பார். பாலு மகேந்திரா ஒரு கிழவரை நடக்க விட்டு, நம்மைப் பார்க்க விட்டுவிடுகிறார்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க தாத்தாவும் இப்படித்தாண்டா வந்தாரு. சென்ட்ரிங் பிரிச்ச மறுநாள். பஸ் ஏறி, தனியா. நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. நிலைக்கட்டைய மட்டும் தடவிப் பார்த்துட்டு, அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிட்டாரு."

முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குள் எத்தனையோ பேச்சு நடந்திருக்கிறது. இந்தச் சம்பவத்தை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மகள்தான் அடுத்து கேட்டாள்: "அந்த ஆன்ட்டிக்கு ஏன் மார்ட்கேஜ் கிடைக்கல?" அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப்போய், நகை அடகு என்றால் என்ன, சீட்டு என்றால் என்ன, ஆபீஸ் லோன் என்றால் என்ன, ஒரு சம்பளக்காரக் குடும்பம் எப்படிப் பணம் புரட்டும் என்று அப்பா அவளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். எந்தத் தமிழ்ப் பள்ளிப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை.

கடைசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்கு உரியது என்று அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். பிளெய்ன்ஸ்பரோவில் டவுன்ஹவுஸ் வாங்கிவிட்டு, கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும் ஆளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. எப்போது ஆர்.எஃப்.இ. வரும், எப்போது லேஆஃப் வந்து அறுபது நாளுக்குள் வேலை தேட வேண்டியிருக்கும் என்று தெரியாமல் சுவரில் ஆணி அடிக்கிறோமே, அது வேறென்ன? சென்னையில் நடக்கிற கதை என்று நினைத்து உட்கார்ந்தால், அது நம்மைப் பற்றியும் பேசுகிறது. ஒரு படத்தை ஆழமாகப் பார்ப்பது என்றால் டெக்னிக்கல் வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஷாட், லென்ஸ், மிசான்சேன் எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. அந்தக் காட்சியை எங்கள் எல்லோரையும்விட அவர்தான் நன்றாகப் பார்த்தார்.

ஆனால் அனுபவம் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. படத்தைச் சுற்றிக் கொஞ்சம் படிக்கவும் வேண்டும். பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை டேவிட் லீன் இலங்கையில் எடுத்ததைச் சிறுவனாகப் பார்த்துத்தான் அவருக்குச் சினிமா ஆசை வந்தது. அவரும் ஊரை விட்டு வந்தவர். தன் அம்மா வீடு கட்டப்போய்ப் பட்ட பாட்டிலிருந்துதான் 'வீடு' பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். படத்துக்காகச் சாலிகிராமத்தில் நிஜமாகவே கட்டிய அந்த வீட்டில்தான் பிற்பாடு அவருடைய சினிமா பட்டறை நடந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு படத்தை இரண்டாவது முறை பாருங்கள், அந்தத் தாத்தாவின் கை வேறு மாதிரித் தெரியும்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தை ராய் பாணியில் முயன்று பார்க்கலாம். முதலில் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படியுங்கள். நாட்டுடைமையான எழுத்து, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தாயில்லாத இரண்டு குழந்தைகளும் வீட்டுக்கு வரும் சித்தியும்தான் கதை. இதை நீங்கள் படமாக எடுத்தால் எங்கே ஆரம்பிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு படத்தைப் பாருங்கள். அந்தக் குழந்தைகள் என்ற விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, மகேந்திரன் முழுக்க வேறொரு மரம் வளர்த்திருப்பார். படத்தின் நடுவில் நிற்பது சித்தி அல்ல, அப்பன். ஊர் முழுக்கச் சேர்ந்து அவனை ஆற்றுக்குள் இறங்க வைக்கும் முடிவில், உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு என்கிற பொருளில் அவன் பேசுவான். கரையில் அந்த இரண்டு குழந்தைகள். கெட்டவன் ஒழிந்தான் என்று கை தட்ட முடியாது. நல்லவர்கள் ஜெயித்தார்கள் என்று எழுந்து போகவும் முடியாது. நம் படங்களில் வில்லன் சாகும்போது நாம் என்னவாக இருக்கிறோம் என்ற கேள்வியை வேறு எந்தத் தமிழ்ப் படமும் இவ்வளவு அமைதியாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இதே மகேந்திரன்தான் அதற்கு முந்தைய வருடம் ரஜினியை வைத்து 'முள்ளும் மலரும்' எடுத்தார். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. தனக்குப் பிடித்த இயக்குநர் என்று ரஜினியே மகேந்திரன் பெயரைத்தான் சொன்னார். மாஸ் ஒரு பக்கம், கிளாஸ் ஒரு பக்கம் என்று நாம் கட்டி வைத்திருக்கும் சுவர் தலைவருக்கே இல்லை, ரசிகர்களுக்கு ஏன்?

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. "எனக்குத் தமிழ் சரியா வராது அங்கிள், பழைய படம் புரியாது." அவர்களிடம் நான் எல்லிஸ் ஆர். டங்கன் கதையைச் சொல்வேன். ஓஹையோக்காரர். கலிஃபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு, கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் அழைக்க, 1935ல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதம் இருக்கலாம் என்று வந்தவர் பதினைந்து வருடம் தங்கிவிட்டார். எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி', எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை', 'மீரா', கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' எல்லாம் இவர் இயக்கியவை. கடைசி வரை தமிழ் தெரியாது. தமிழ் தெரியாத அமெரிக்கர் தமிழ்ப் படம் எடுக்க முடிந்தது என்றால், பாதித் தமிழ் தெரிந்த எடிசன் பையனால் பார்க்க முடியாதா? ராயின் 'பதேர் பாஞ்சாலி' உலகத்திலேயே முதன்முதலாகத் திரையிடப்பட்டது கல்கத்தாவில் அல்ல. 1955 மே மாதம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். அன்று அதற்கு சப்டைட்டில் கிடையாது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம் அது. வங்காளி தெரியாத நியூயார்க்வாசிகள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பார்க்க ஆளில்லாவிட்டால் படம் இருக்காது. இதுதான் என்னை உண்மையில் உறுத்துகிற விஷயம். முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. இன்று அதன் பிரதி கிடையாது. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' கிடையாது. சரி, அது அந்தக் காலம் என்று விடலாம். 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவ்கள் வீணாகிவிட்டன என்று பாலு மகேந்திராவே தன் கடைசி வருடங்களில் மேடையில் வருந்தினார். 2014ல் அவர் போய்விட்டார். நாம் யூடியூபில் பார்த்தது மங்கலான ஒரு பிரதியை. ஒளிப்பதிவுக்காகவே பேர் பெற்ற ஒரு மனிதரின் படத்தை, ஒளி போன பிரதியில் பார்க்கிறோம்.

மாறாக, 1993ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் ராயின் அபு படங்களின் நெகட்டிவ்கள் கருகின. கருகியதை வைத்தே, அமெரிக்க அகாடமி ஆவணக் காப்பகமும் கிரைட்டீரியன் நிறுவனமும் இத்தாலி லேப் ஒன்றின் துணையோடு மீட்டெடுத்தன. 2015ல் நியூயார்க்கில் அவை மறுபடி திரைக்கு வந்தன. மலையாளத்தில் அரவிந்தனின் 'கும்மாட்டி' 2021ல் புதுப்பிக்கப்பட்டது. 'தம்பு' அடுத்த வருடம் கான் விழாவில் ஓடியது. இவற்றைத் தேடிப் பார்க்கிற, இது வேண்டும் என்று கேட்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பிரீமியர் காட்சிக்கு முப்பது டாலர் கொடுக்கும் நம் கூட்டம், ஒரு பழைய தமிழ்ப் படத்தின் நல்ல பிரதிக்காக என்றைக்காவது குரல் கொடுத்திருக்கிறதா? பொங்கல் விழாவுக்கு நடிகரை வரவழைக்கச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் தமிழ்ச் சங்கங்கள் குறைந்துவிடுமா?

"நாள் முழுக்க புரொடக்‌ஷன் இஷ்யூ பார்த்துட்டு வர்றேன், டென்ஷன் குறையத்தான் படம், அங்கேயும் பாடமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லா இரவும் 'உதிரிப்பூக்கள்' பார்க்க முடியாது. நானும் வடிவேலு காமெடி போட்டுவிட்டுத் தூங்குகிறவன்தான். மாதத்தில் ஒரு நாள் போதும் என்கிறேன். ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில், முடிந்தால் வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து. முடிந்ததும் ரேட்டிங் கொடுக்காமல், எந்தக் காட்சி மனசில் நிற்கிறது என்று மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். விமான டிக்கெட் போட்டு நம் பெற்றோரை வரவழைக்கிறோம், ஆறு மாதம் சோபாவில் உட்காரவைத்து சீரியல் போட்டுக் கொடுக்கிறோம். அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க ஒரு பழைய படம் நல்ல சாக்கு.

எங்கள் அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸில் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் 'உதிரிப்பூக்கள்' போடுகிறோம். பதினோரு குடும்பம் வருவதாகச் சொல்லியிருக்கிறது. படத்துக்கு முன்னால் 'சிற்றன்னை'யை அரை மணி நேரம் வாசிக்க, ஹூஸ்டனிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதுவரை வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்விகள் இரண்டு: படம் எவ்வளவு நேரம், சாப்பாடு உண்டா. புளியோதரையும் தயிர் சாதமும் உண்டு.